சூசைப்பிள்ளை கட்டிய ஏரியல்

எழுவைதீவில் சூசைப்பிள்ளை போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. ஊர்காவற்றுறைக்கும் தீவுக்குமிடையே பாய்வள்ளம் ஓட்டியவர் அவர். இருபத்தெட்டு வருடம் ஓட்டினார். கலியாணப் பொம்பிளை, காய்ச்சல்காரர், அரிசி மூட்டை, காலைக் கட்டிய மாடு, தபால் பை எல்லாமே அவருடைய வள்ளத்தில்தான் போய் வந்தன. ஆளைவிட ஆளின் கயிற்றுக்குத்தான் பெயர். தென்னந்தும்பு வாங்கித் தன் கையாலேயே திரிப்பார். திரித்த கயிற்றைக் கல்லுக் கட்டிக் கடலில் தாழ்த்திப் பதினைந்து நாள் ஊறவிடுவார். "கயிறு கடலைக் குடிக்கவேணும். குடியாத கயிறு ரெண்டு மழைக்கு உக்கிப்போகும்" என்பார். கயிற்றைப் பற்றி அவருக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் பேச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள்.

யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டில் தீவில் இருந்தது ஒரேயொரு றேடியோ. அது மயில்வாகனத்தாருடையது. அவர் மலாயா றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து, யுத்தத்துக்கு முன்னரே பென்சனோடு ஊர் திரும்பியவர். றேடியோவைப் பற்றி ஒரு இங்கிலீசுப் புத்தகம் வைத்திருந்தார். கண்ணில் புகை படர்ந்து எழுத்துத் தெரியாமற் போன பிறகும் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திருப்புவார். மின்சாரம் எட்டாத தீவு. கார் பற்றறியில் ஓடுகிற பெட்டி. பத்து நாளைக்கு ஒருமுறை அந்தப் பற்றறியை வள்ளத்தில் ஏற்றிப் போய், ஊர்காவற்றுறையில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவது சூசைப்பிள்ளையின் பொறுப்பு. அமிலம் சிந்தி அவர் உடுக்கிற இரண்டு சாரம் ஓட்டையாகியிருந்தது. அதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஊருக்குச் சத்தம் கொண்டுவருகிற ஆள் தான்தான் என்று உள்ளூர ஒரு நினைப்பு அவருக்கு இருந்தது.

மயில்வாகனத்தார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மலாயாவுக்குப் போனவன் மார்க்கண்டு. 1938இல் அவனைத் தகரப் பெட்டியோடு ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் இறக்கியதும் சூசைப்பிள்ளைதான். கலியாணம் முடித்து எட்டு மாதமே ஆன பெண்சாதி அன்னமுத்து கரையில் நின்றாள். நாற்பத்தொன்று மார்கழியில் அவனுடைய கடைசிக் கடிதம் வந்தது. அதன் பிறகு மலாயா யப்பான்காரன் கைக்குப் போனது. மார்க்கண்டுவிடமிருந்து நாலு வருடம் ஒரு சொல் வரவில்லை. யுத்தம் முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டபோது அன்னமுத்துவுக்கு மூச்சு இன்னும் இறுகியது. இனியும் கடிதம் வராவிட்டால் அதற்கு யுத்தத்தைச் சாட்ட முடியாதே.

புரட்டாதி முடிவில் ஒரு செய்தி பரவியது. மலாயாவில் உயிரோடு இருப்பதாகத் தெரியவந்தவர்களின் பெயரையும் ஊரையும் கொழும்பு வானொலியில் வாசிக்கப் போகிறார்களாம். ஒக்ரோபர் முதலாந் திகதி தொடக்கம் ஆறு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் மாலை ஆறேகாலுக்கு.

மார்க்கண்டுவின் தமையன் அப்புத்துரை அன்றே சொல்லிவிட்டான். "ஆறு கிழமையும் கேப்பம். பேர் வந்தா வீரபத்திரருக்குப் பொங்குவம். வராட்டி, கார்த்திகை அமாவாசைக்குத் தருப்பையிலை உருவம் செய்து கொள்ளி வைச்சு, அந்தியேட்டிக் கிரியையையும் கழிச்சுவிடுவம். என்ரை தம்பி காடுவழிய அலையேலாது." அவன் கெட்டவன் அல்லன். தம்பியை நினைத்து நாலு வருடமாகப் பாதிச் சாப்பாடு சாப்பிட்டவன். அவனாலும் இனித் தாங்க முடியவில்லை. ஆனால் அந்த அமாவாசையன்று அன்னமுத்துவின் தாலிக்கொடியும் கழலும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மயில்வாகனத்தார் சூசைப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்.

"சூசை, வீட்டுக்குள்ளை கட்டின கம்பி திருச்சிக்குக் காணும். திருச்சி கிட்ட. கொழும்புக்குக் காணாது. பகலிலை கொழும்புச் சத்தம் நிலத்தோடை தவண்டு வந்து பாதி வழியிலை களைச்சுப்போகும். பொழுதுபடத்தான் மேலை எழும்பி, வானத்திலை பட்டுத் திரும்பி எங்களிட்டை விழும். விழுறதை ஏந்த நீளமாய், உயரமாய் ஒரு செப்புக் கம்பி வேணும், ஏரியலெண்டு. வளவிலை நிக்கிற பனைக்கும் கரைப் பனைக்கும் நடுவிலை இழுத்துக் கட்டும்."

"அது என்ன பெரிய வேலை, ஐயா?"

"பொறும். கம்பியைக் கயித்திலை நேரை முடியக்கூடாது." அவர் அலுமாரியைத் தடவி இரண்டு வெள்ளைப் பீங்கான் உருளைகளை எடுத்தார். கோழிமுட்டையளவு, நடுவிலே துளை. "கயித்துக்கும் கம்பிக்கும் இடையிலை ரெண்டு அந்தத்திலையும் இதைப் போடும். இல்லாட்டிக் கம்பி பிடிச்சது கயித்து வழியாய் மரத்துக்கு ஒழுகிப்போம்."

சூசைப்பிள்ளை பீங்கானை வாங்கிப் பார்த்தார். காற்றிலே வருகிற சத்தம் ஒழுகுமாமே, இதென்ன மோர்ப் பானையா என்று மனதுக்குள் சிரிப்பு வந்தது. வாடை ஓங்கி அடித்தால் இந்தப் பீங்கான் ஒருநாள் தாங்குமா? தன் கயிறு பத்து வருடம் நிற்கும்போது நடுவிலே முட்டையை எதற்குச் செருகுவது? இருந்தாலும் படித்த மனிசரோடு எதற்குக் கதை என்று, "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பனையில் ஏறிக் கம்பியை அவர் கட்டிய அழகைப் பார்க்க ஊரே நின்றது. நன்றாகக் கடல் குடித்த கயிறு. பாய்மரத்துக்குப் போடுகிற முடிச்சு. கீழே நின்று மயில்வாகனத்தார், "பீங்கான் ரெண்டும் போட்டாச்சோ?" என்று கேட்டார். பனையுச்சி அவருடைய கண்ணுக்கு வெறும் புகை. சூசைப்பிள்ளை மேலிருந்து, "எல்லாம் சரி, ஐயா!" என்றார். பீங்கான்கள் அவருடைய வீட்டில் இருந்தன. அவருடைய பெண்சாதி மாக்கிறேற் அவற்றின் துளையில் மெழுகுதிரி செருகி, அந்தோனியார் படத்துக்கு முன்னே வைத்துவிட்டாள். துளை அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

இன்னொரு வேலையும் இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு கம்பி நிலத்துக்குப் போகவேண்டும். அதற்கு எர்த் என்று பெயர். தீவு முழுதும் கல். ஒரு செப்புக் குழாயை அடித்து இறக்கினாலும் நிலம் காய்ந்து கிடந்தால் அது வேலை செய்யாது. "ஒவ்வொரு நாளும் குழாயடியிலை தண்ணி ஊத்தவேணும். உப்புத் தண்ணியெண்டா இன்னும் விசேஷம்" என்றார் மயில்வாகனத்தார். அந்த வேலையை அன்னமுத்து கேட்டு வாங்கிக்கொண்டாள். மாலையானால் கடலில் ஒரு குடம் மொண்டு வந்து குழாயடியில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே வந்து நிலத்தில் இருப்பாள்.

உப்புத் தண்ணீர் விசேஷம் என்ற சொல் சூசைப்பிள்ளையின் காதில் நன்றாக விழுந்தது. பீங்கான் கதை இந்தக் காதால் வந்து அந்தக் காதால் போனது. இது மட்டும் தங்கிவிட்டது. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே மனிசர் கேட்பார்கள்.

முதல் நாளே பெட்டி சதி செய்தது. பட்டியல் தொடங்கி நாலு பெயர் கேட்டது. சத்தம் மெல்லக் கீழே இறங்கியது, மேலே வந்தது, மறுபடி அமிழ்ந்தது. நடுவிலே திருச்சிப் பாட்டுக் குறுக்கே பாய்ந்து ஒரு விசில் அடித்தது. மயில்வாகனத்தார் முள்ளை மயிரிழையளவு திருப்பினார். "ரெண்டு நிலையம் கிட்டக்கிட்ட நிண்டா இப்பிடித்தான் உரசும். ஏறி இறங்கிறது வானத்தாலை. படபடவெண்டு பொரியிறது எங்கையோ மின்னல்" என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். விளக்கம் எல்லாம் சரிதான். ஆனால் அவற்றையெல்லாம் மிஞ்சி மேலே வரவேண்டிய கொழும்புக் குரல்தான் இல்லை.

முதற் கிழமை அரைகுறையாகக் கேட்டது. சனிக்கிழமை சூசைப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. தான் கட்டிய ஏரியல் பிழை விடலாமா? வெயிலில் கயிறு காய்ந்து தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். வாளியில் கடல் தண்ணீரோடு பனையேறி, இரண்டு பக்கக் கயிற்றையும் நன்றாக நனைத்து இறுக்கிவிட்டு வந்தார். உப்புத் தண்ணீர் நிலத்துக்கு விசேஷமென்றால் மேலேயும் விசேஷம்தானே. அன்று மாலை பெட்டியில் ஒரு பெயரும் கேட்கவில்லை. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. வியாழன், வெள்ளியில் ஓரளவு தெளிந்தது. அடுத்த சனிக்கிழமை சூசைப்பிள்ளை இன்னும் பெரிய வாளியோடு ஏறினார்.

இப்படியே ஆறு கிழமை. பற்றறியில் பிழையென்று இரண்டு நாள் முந்தியே சார்ஜ் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு உரலைக் குறைசொல்லி நிறுத்தினார்கள். சனிக்கிழமையென்றால் பெட்டி இரைகிறதைக் கவனித்த அப்புத்துரை சாத்திரியாரிடம் போய்வந்தான். தம்பிக்கு ஏழரைச் சனி, அடையாளம் நல்லதாக இல்லை என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அன்னமுத்து அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் எள்ளெண்ணெய் எரித்தாள். சூசைப்பிள்ளை வீட்டில் மாக்கிறேற்றும் மார்க்கண்டுவுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

நவம்பர் பத்தாந் திகதி கடைசிப் பட்டியலும் வாசித்து முடிந்தது. கேட்ட அளவில் மார்க்கண்டுவின் பெயர் இல்லை.

"கேளாத நாள் எத்தினை!" என்றாள் அன்னமுத்து.

"பிள்ளை, கேக்கிற காதுக்கு ஆசை இருக்கும், அதுக்கு ஒரு கணக்கில்லை" என்றான் அப்புத்துரை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

அதற்கடுத்த கிழமை மாரி விழுந்தது. மூன்று நாள் விடாத மழை. வள்ளம் கரையிலே கிடந்தது. நாலாம் நாள் வானம் வெளித்து, நல்ல வெயிலும் எறித்தது. அன்று மாலை பற்றறியைப் பார்க்க வந்த சூசைப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டி கணீரென்று பேசியது. கொழும்புக்காரர் அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழுந்தது.

"பாத்தீரோ சூசை, மழை வானத்தைக் கழுவிப்போட்டுது!" என்றார் மயில்வாகனத்தார்.

மழை கழுவியது வானத்தைத்தானா என்று சூசைப்பிள்ளை யோசித்தார். விடிந்ததும் பனையில் ஏறினார். கயிற்றின் நுனியை வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. பச்சைத் தண்ணீரில் அலசிய கயிறு, சப்பென்று இருந்தது. இறங்கி வந்து, சும்மா கேட்பவர்போல மயில்வாகனத்தாரிடம் கேட்டார்.

"ஐயா, எர்த்துக்கு உப்புத் தண்ணி ஏன் விசேஷமெண்டு சொன்னனீங்கள்?"

"உப்பு ஈரம் எல்லாத்தையும் இழுத்து நிலத்துக்குள்ளை விட்டுவிடும். கீழை எங்களுக்கு அது வேணும்."

"அப்ப மேலை அப்பிடி ஈரமிருந்தா?"

"மேலை இருந்தாப் பெட்டிக்கு என்ன வரும்? கம்பி பிடிச்சதெல்லாம் மரத்தாலை இறங்கிப்போம். அதுக்குத்தானே பீங்கான் போட்டது."

சூசைப்பிள்ளை "ஓம் ஐயா" என்று எழும்பினார். அந்த "ஓம் ஐயா" தன் வாயிலிருந்து எத்தனை இலேசாக வருகிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அந்தோனியார் முன்னே இரண்டு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தன. அவர் வந்து குந்தி, திரியைப் பார்க்காமல் அடியில் இருந்த பீங்கானையே பார்த்தார். பிறகு இரண்டையும் ஊதி அணைத்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன வேலை செய்யிறியள்? அது மார்க்கண்டுப் பெடியனுக்கு வைச்சது!" என்று மாக்கிறேற் பதறினாள்.

"அவனுக்குத்தான் எடுக்கிறன்" என்றார். மெழுகைச் சுரண்டும்போது முழுக் கதையையும் சொன்னார். மாக்கிறேற் வாயில் கையை வைத்தாள். பிறகு, "ஒருத்தருக்கும் தெரியாது. அவருக்கும் கண் தெரியாது. ஏறிப் போட்டுவிட்டு வாங்கோவன்" என்றாள். அவள் புருசனை நினைத்துச் சொன்னாள். சூசைப்பிள்ளையும் அதைத்தான் நினைத்திருந்தார். கட்டின கயிறு பிழை விட்டது என்ற பேச்சு வந்தால் நாளைக்கு அவருடைய வள்ளத்தில் கால் வைக்கிறவர்களும் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதைவிட அவருக்கு வேறு மானக்கேடு இல்லை.

மறுநாள் காலையில் பனையேறிப் பீங்கான்களைப் போட்டார். வேலை முடிந்தது. இறங்கத் திரும்பியபோது மேலேயிருந்து இரண்டு காட்சி தெரிந்தது. அப்புத்துரையின் முற்றத்தில் கிரியைக்குப் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. மற்றப் பக்கம், பட்டியல் முடிந்து இரண்டு கிழமை கடந்த பிறகும், அன்னமுத்து குடத்தோடு கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். காலையிலேயே போகிறாள், மாலையில் விடமாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. சூசைப்பிள்ளை பனையைக் கட்டிப் பிடித்தபடி அழுதார். பிறகு இறங்கி நேரே அந்த முற்றத்துக்கு நடந்தார்.

"அப்புத்துரை, பந்தற்காலைப் பிடுங்கு. கிரியை செய்யேலாது."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார். பீங்கானைப் போடாததையும், போட்டேன் என்று பொய் சொன்னதையும், சனிக்கிழமைதோறும் வாளியோடு ஏறியதையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "நீங்கள் பட்டியல் கேக்கேல்லை. என்ரை கயித்தின்ரை இரைச்சலைத்தான் கேட்டனீங்கள். அதிலை பேர் இல்லையெண்டு ஒரு பொம்பிளையின்ரை கொடியைக் கழட்டாதேங்கோ."

அப்புத்துரை குழி தோண்டிக்கொண்டிருந்த அலவாங்கோடு கிட்ட வந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் நின்றவர்கள் நினைத்தார்கள். சூசைப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்து அசையாமல் நின்றார். அப்புத்துரை அலவாங்கை நிலத்தில் எறிந்துவிட்டுப் பந்தற்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குடத்தோடு வந்த அன்னமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் திட்டவில்லை. சூசைப்பிள்ளையை உள்ளே கூட்டிப்போய் மண்சுவரைக் காட்டினாள். கரியால் நாற்பத்தொரு கோடு. கேளாத நாளுக்குக் குறுக்கே இன்னொரு கோடு.

"இருபத்திரண்டு நாள், அண்ணை. ஒருத்தரும் என்ரை சொல்லை எடுக்கேல்லை." ஒவ்வொரு கிழமையும் சனியில் தொடங்கிய குறுக்குக் கோடுகளை விரலால் தடவினாள். "சனியனெண்டு நான் எண்ணெய் எரிச்சனான். அது நீங்களோ?"

"நான்தான், பிள்ளை."

அந்த இருபத்திரண்டு நாளின் திகதிகளையும் போட்டு, வானொலிக்காரருக்கு மயில்வாகனத்தார் கடிதம் எழுதுவித்தார். சூசைப்பிள்ளையிடம் அவர் கோபித்ததெல்லாம் ஒரு வரிதான். "பீங்கான் ஏனெண்டு ஒருக்கா என்னைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே, சூசை." பிறகு தன்னையும் சேர்த்துச் சொன்னார்: "நானும் ஒருத்தனை ஏத்திப் பாத்திருக்கலாம்." கடிதத்தைக் கொண்டுபோன அன்று கடல் கொந்தளிப்பு. வள்ளங்கள் எல்லாம் கட்டிக் கிடந்தன. சூசைப்பிள்ளையினது மட்டும் போனது. அமாவாசை கிரியை இல்லாமல் கழிந்தது.

தவறவிட்டவர்களுக்காகப் பழைய பட்டியல்களை டிசெம்பர் பத்தாந் திகதியிலிருந்து திரும்ப வாசிக்கப் போவதாக ஒரு நாள் அறிவித்தார்கள். கேளாமற் போனவர்கள் எழுவைதீவில் மட்டும் இருக்கவில்லைப் போலும்.

அந்த மாலைகளில் ஊரெல்லாம் உள்ளே பெட்டியைச் சுற்றி இருந்தது. சூசைப்பிள்ளை உள்ளே போகவில்லை. வாடை பலமாக அடித்தது. கம்பியை ஏற்றி இறக்கப் பனையடியில் விட்டிருந்த கயிற்றின் நுனியைக் கையிலே சுற்றிக்கொண்டு நின்றார். மேலே முடிச்சு இருந்தது; அது அவிழாது. இருந்தும் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் முடிச்சை அவர் நம்பவில்லை.

ஆறாம் நாள் மாலையும் அப்படித்தான் நின்றார். சன்னலால் குரல் வருவது கேட்டது. காற்றிலே சொல் பிரியவில்லை. திடீரென்று உள்ளே ஒரு சத்தமும் இல்லாமற் போனது. யாரோ பெட்டியை நிறுத்திவிட்டார்கள். அன்னமுத்து மட்டும் வெளியே வந்தாள். மிச்சம் வைத்திருந்த அரைக் குடத்தைத் தூக்கிக் குழாயடியில் முழுதும் ஊற்றினாள். பெட்டி நின்ற பிறகு எதற்குத் தண்ணீர் என்று சூசைப்பிள்ளைக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அவள் பனையடிக்கு வந்தாள்.

"அண்ணை, ஒக்ரோபர் இருபது என்ன கிழமை?"

அவருக்கு எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாளியோடு மூன்றாந்தரம் ஏறிய நாள்.

"சனி."

"அண்டைக்குத்தான் அவரின்ரை பேரை முதல் வாசிச்சதாம்."

சூசைப்பிள்ளை கயிற்றைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார். அன்னமுத்து குனிந்து, அவருடைய கையில் இறுகிப் போயிருந்த சுற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"உயிரோடை இருக்கிறார், அண்ணை. இனிக் கயித்தை விடுங்கோ."